டேப் தெரியல, டிஸ்க் சுத்தல: சர்வர் பெட்டி பத்தி வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல சர்வர் வாங்கும்போது எதையெல்லாம் பாக்கணும்னு எழுதியிருந்தேன். அதுக்கு வந்த மெயில்ல நிறைய "வாங்கியாச்சு சார், உள்ள மாட்டத்தான் தெரியல" ரகம். அதனால இந்த தடவை முழுக்க ஹார்ட் டிஸ்க், டேப் டிரைவ் மாட்டுற கேள்விங்க மட்டும்தான். டேப்னா பேக்கப் எழுதி வைக்கிற காந்த நாடா, எல்டிஓங்கிறது அதுல ஒரு வகை, பின்னாடி வர்ற நம்பர் அதோட தலைமுறை. பேர் போடாதீங்கன்னு சில பேர் கேட்டாங்க, சரி யாரு பேரும் வேணாம்னு விட்டுட்டேன்.

கேள்வி: சார், ஆபீஸ் சர்வர்ல எட்டு டிஸ்க் ஒரு ரெய்டு கார்டுல ஓடுது. அந்த கார்டுல ஒரு போர்ட் சும்மா கிடக்குதேன்னு எல்டிஓ-7 டேப் டிரைவை அதுல மாட்டினேன். லைட் எரியுது, டேப்பை உள்ள இழுக்குது, ஆனா ஓஎஸ்ல டிரைவையே காணோம். டிரைவ் போச்சா?

பதில்: டிரைவ் நல்லாத்தான் இருக்கும், மாட்டின இடம்தான் தப்பு. ரெய்டு கார்டோட வேலை நாலஞ்சு டிஸ்க்கை ஒண்ணா சேத்து ஓஎஸ்கிட்ட ஒரே டிஸ்க்னு காட்டுறது. டேப் அந்த கணக்குலயே வராது, அது நினைச்ச இடத்துக்கு தாவிப்போய் எழுதுற சாதனம் இல்ல, முதல்லேருந்து வரிசையா ஓடுற சாதனம், அதுக்கு போற கமாண்டும் வேற. அதனால நிறைய ரெய்டு கார்டுங்க டேப்பை பாத்தாலும் பாக்காத மாதிரி இருந்துடும். சிலது காட்டும், ஆனா பேக்கப் பாதி ஓடினதும் எரர் அடிச்சு ரீசெட் பண்ணும், என்னைக் கேட்டா காட்டாம இருக்குறதே மேல், ஏன்னா இது வேலை செய்யுதுன்னு நம்பி நீங்க வீட்டுக்கு போயிடுவீங்க.

தனியா ஒரு சாஸ் (சர்வர்ல டிஸ்க்கையும் டேப்பையும் இணைக்கிற முறை) ஹெச்பிஏ கார்டு போடுங்க. ரெய்டு எதுவும் இல்லாத சாதா கார்டு, டிரைவை அப்படியே ஓஎஸ்கிட்ட குடுத்துட்டு ஒதுங்கிக்கும். வாங்குறதுக்கு முன்னாடி டிரைவ் கம்பெனியோட சப்போர்ட் லிஸ்ட்ல அந்த கார்டு மாடல் இருக்கான்னு பாத்துடுங்க, இந்த ஒரு வேலையை செஞ்சிருந்தா எனக்கு வர்ற மெயில்ல பாதி வந்திருக்காது. ஸ்லாட் பத்தி ரொம்ப அலட்டிக்க வேணாம், சில மதர்போர்டுல ஸ்லாட் நீளமா இருக்கும் ஆனா உள்ள நாலு லேன்தான் (டேட்டா போற பாதை) ஓடும், எல்டிஓ-7 செகண்டுக்கு 300 எம்பி எழுதுற டிரைவ், அதுக்கு நாலு லேனே ஏகப்பட்டது.

டிரைவை வெளிய வைக்கிறீங்கன்னா கேபிள் முனையை கவனிங்க. 6 கிகாபிட் காலத்து சாஸ்ல வெளிப்பக்கம் எஸ்எஃப்எஃப்-8088ன்னு ஒரு கனெக்டர், 12 கிகாபிட் கார்டுல அதைவிட சின்னதா எஸ்எஃப்எஃப்-8644. கார்டு பக்கம் ஒண்ணும் டிரைவ் பக்கம் இன்னொண்ணுமா அமையுறது சகஜம், ஒரு முனை அது இன்னொரு முனை இதுன்னே கேபிள் கிடைக்குது, அடாப்டர் மேல அடாப்டர் போட்டு ஒட்ட வேணாம். உள்ள வைக்கிற ஹாஃப் ஹைட் டிரைவ்னா அஞ்சேகால் இஞ்ச் பே வேணும், டவர் சர்வர்ல இருக்கும், 1யூ 2யூன்னு தட்டையா இருக்குற ரேக் சர்வர்ல பெரும்பாலும் அதுக்கு இடமே கிடையாது, பெட்டியை கழட்டி பாத்துட்டு அப்புறம் ஆர்டர் பண்ணுங்க. டேப் டிரைவுக்கு எம்3 ஸ்க்ரூ. மூணரை இஞ்ச் ஹார்ட் டிஸ்க்குக்கு 6-32ன்னு வேற மரை. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், மாத்தி வெச்சு திருகினா மரை போயிடும், ரொம்ப நீளமான ஸ்க்ரூவை ஏத்தினா உள்ள போர்டையே குத்தும்.

கேள்வி: ரெய்டு 5ல ஒரு டிஸ்க் செவப்பு லைட் காட்டுது. சர்வரை ஆஃப் பண்ணாம அதை உருவிட்டு புதுசு போடலாமா? உருவும்போது ஷாக் அடிக்குமா?

பதில்: ஷாக் எல்லாம் அடிக்காது. முன்பக்கம் லீவர் வெச்ச டிரேல இருக்குற ஹாட் ஸ்வாப் டிஸ்க்னா தாராளமா ஓடுறப்பவே மாத்தலாம், அதுக்குத்தான் அப்படி செஞ்சிருக்காங்க. நேரா கேபிள்ல தொங்குற டிஸ்க்னா ஆஃப் பண்ணிட்டு கை வைங்க.

பயப்பட வேண்டிய விஷயம் வேற. ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனா தாங்கும், ரெண்டாவது போனா மொத்தமும் போச்சு. ஏற்கனவே ஒண்ணு போயிருக்கு, இப்போ நீங்க அவசரத்துல பக்கத்துல இருக்குற நல்ல டிஸ்க்கை உருவினா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. அதனால லைட்டை மட்டும் நம்பாம கன்ட்ரோலர் சாஃப்ட்வேர்ல போன டிஸ்க்கோட சீரியல் நம்பரை எழுதிக்கோங்க, அதுலயே டிஸ்க்கை தேடிக் காட்டுறதுக்கு லைட்டை மினுக்க வைக்கிற ஆப்ஷன் இருக்கும், அதை தட்டி எந்த பேல மினுக்குதுன்னு பாருங்க, ரெண்டும் ஒத்துப்போனா மட்டும் லீவரை தொடுங்க. லீவரை திறந்து கொஞ்சூண்டு இழுத்து கனெக்ஷனை விடுவிச்சிட்டு ஒரு அரை நிமிஷம் அப்படியே விடுங்க, உள்ள தட்டு இன்னும் சுத்திக்கிட்டு இருக்கும், அது நின்னதும் வெளிய எடுங்க. புதுசு போடுறப்போ டிரே கடைசி வரைக்கும் போய் லீவர் க்ளிக்னு பூட்டணும். அரைகுறையா உக்காந்த டிஸ்க் ரெண்டு நாள் நல்லா ஓடிட்டு மூணாவது நாள் காணாம போகும், எல்லாரும் டிஸ்க்கை திட்டுவாங்க.

புது டிஸ்க் பழசுக்கு சமமாவோ பெருசாவோ இருக்கணும், ஒரு செக்டர் குறைஞ்சாலும் கார்டு ஏத்துக்காது. சாஸ் கன்ட்ரோலர்ல சாட்டா (சாதா கம்ப்யூட்டர்ல வர்ற வகை) டிஸ்க் ஓடும், சாட்டா போர்ட்ல சாஸ் டிஸ்க் ஓடாது, கனெக்டரே உள்ள போகாத மாதிரி நடுவுல அடைச்சு வெச்சிருப்பாங்க, போகலையேங்கிற கோபத்துல அழுத்தாதீங்க. இன்னொண்ணு, எஸ்எம்ஆர்னு ஒரு வகை டிஸ்க் இருக்கு, டிராக்கை ஓடு வேயுற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி எழுதும், ஒரு இடத்தை மாத்தணும்னா பக்கத்துல இருக்குறதையும் திரும்ப எழுதணும். ரெய்டு ரீபில்டுக்கு (புது டிஸ்க்ல டேட்டாவை திரும்ப நிரப்புறது) அது ஆகவே ஆகாது, டேட்டா ஷீட்ல சிஎம்ஆர்னு (டிராக்கை ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தாத வகை) போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க.

ரீபில்டு எவ்ளோ நேரம்னு அடுத்து கேப்பீங்க. 12 டிபி டிஸ்க்கை செகண்டுக்கு 200 எம்பின்னு வெச்சாலே கிட்டத்தட்ட 17 மணி நேரம், அதுவும் வேற வேலையே இல்லாம சும்மா இருந்தா. ஆபீஸ் வேலையும் சேந்து ஓடுனா நாள் கணக்குல போகும். அந்த நேரம் பூரா உங்களுக்கு பாதுகாப்பு பூஜ்யம், அதனாலதான் பெரிய டிஸ்க்குக்கு ரெய்டு 5 வேணாம் ரெண்டு டிஸ்க் போனாலும் தாங்குற ரெய்டு 6 போடுங்கன்னு கத்திக்கிட்டே இருக்கேன்.

கேள்வி: டெஸ்க்டாப் டிஸ்க் விலை கம்மி. சைஸும் அதே, கனெக்டரும் அதே. சர்வர் ரெய்டுல போட்டா என்ன சார் கெட்டுப் போகுது?

பதில்: போட்டா ஓடும், பிரச்சனை ஒரு செக்டர் படிக்க முடியாம போற அன்னைக்குத்தான் வரும். டெஸ்க்டாப் டிஸ்க் தனியாளு, தன்கிட்ட இருக்குறதுதான் ஒரே காப்பின்னு நினைச்சு விடாம திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும், அதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலாம். அவ்ளோ நேரம் பதில் வரலைன்னா ரெய்டு கார்டு டிஸ்க் செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணி வெளிய தள்ளிடும், நல்ல டிஸ்க் அநியாயமா செவப்பாயிடும். சர்வர், நாஸ் (நெட்வொர்க்ல வைக்கிற ஸ்டோரேஜ் பெட்டி) டிஸ்க்குங்க சுமார் 7 செகண்டுல விட்டுக்குடுத்து எரர் சொல்லிடும், கார்டு மத்த டிஸ்க்லேருந்து அந்த டேட்டாவை கணக்குப் போட்டு எடுத்துக்கும்.

அதிர்வு இன்னொரு காரணம். ஒரே பெட்டியில பன்னெண்டு டிஸ்க்கும் ஃபேனும் சேந்து ஓடுறப்போ ஒண்ணோட ஆட்டம் இன்னொண்ணோட ஹெட்டை (படிக்கிற, எழுதுற முனை) டிராக்லேருந்து நகத்தும். 2008ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல இருந்த பிரெண்டன் கிரெக்ங்கிற எஞ்சினியர் டிஸ்க் வரிசை முன்னாடி நின்னு வாயைத் திறந்து கத்தினாரு, கத்தின அந்த நொடியில டிஸ்க்கோட ரெஸ்பான்ஸ் டைம் எகிறினது ஸ்கிரீன்ல கிராஃபா தெரிஞ்சது, வீடியோ இன்னும் சுத்துது. சர்வர் டிஸ்க்ல அதிர்வை உணர்ந்து ஹெட்டை திருத்துற சென்சார் இருக்கும். ஆனாலும் சர்வர் ரூம்ல கத்தாதீங்க, டிஸ்க்குக்காக இல்லைன்னாலும் கூட வேலை செய்யுறவங்களுக்காக.

கேள்வி: பழைய ஸ்டோரேஜ் பெட்டியிலேருந்து கழட்டின சாஸ் டிஸ்க் கைக்கு வந்தது. சர்வர்ல போட்டா பேர் தெரியுது, சைஸ் மட்டும் 0ன்னு காட்டுது.

பதில்: பெரிய ஸ்டோரேஜ் பெட்டிங்கள்ல செக்டருக்கு 512 பைட் இல்லாம 520 பைட்னு ஃபார்மேட் பண்ணியிருப்பாங்க, அந்த கூடுதல் 8 பைட்ல டேட்டா சரியா இருக்கான்னு பாக்குற செக்சம் வெச்சிருக்கும். சாதா ஓஎஸ்க்கு 520 புரியாது. ஹெச்பிஏ கார்டுல மாட்டி லினக்ஸ்ல எஸ்ஜி ஃபார்மேட் டூலை வெச்சு 512க்கு மாத்திடலாம், உள்ள இருக்குறது எல்லாம் அழிஞ்சிடும். பல மணி நேரம் எடுக்கும், நடுவுல கரண்ட் போச்சுன்னா மறுபடி முதல்லேருந்துதான், யூபிஎஸ் இல்லாம ஆரம்பிக்காதீங்க.

கேள்வி: புது சாட்டா டிஸ்க் வாங்கி பழைய பெட்டியில மாட்டினா சுத்தவே மாட்டேங்குது, சத்தமே இல்ல. வேற பெட்டியில போட்டா ஓடுது!

பதில்: பவர் கனெக்டரோட மூணாவது பின். முன்ன அதுல 3.3 வோல்ட் வரும், யாரும் பயன்படுத்தல. சாட்டா 3.3 ஸ்டாண்டர்டுல அதே பின்னை டிஸ்க்கை தூரத்துலேருந்து ஆஃப் பண்ணுற சிக்னலா மாத்திட்டாங்க. பழைய பவர் சப்ளை அதுல கரண்ட் குடுத்துக்கிட்டே இருக்குறதால டிஸ்க் "என்னை ஆஃப்லயே இருக்கச் சொல்றாங்க"ன்னு நினைச்சு சும்மா கிடக்கும். 3.3 வோல்ட் ஒயர் இல்லாத கேபிள் போட்டா உடனே சுத்தும். மோலெக்ஸ்ங்கிற பழைய நாலு பின் பவர் கனெக்டர்லேருந்து சாட்டாவுக்கு மாத்துற கேபிள்ல அந்த ஒயர் கிடையாது, ஆனா வார்ப்புல அடைச்ச மட்டமான மாடல் உருகிப் போறது உண்டு, அழுத்தி பூட்டுற டைப்பா பாத்து வாங்குங்க.

கேள்வி: எங்க கணக்கு சாஃப்ட்வேர் ஓடுற சர்வர் ரொம்ப பழசு, ஸ்கஸி (சாஸுக்கு முந்தின இணைப்பு முறை). அதுல டேப் டிரைவ் சேத்ததுலேருந்து டிஸ்க்கும் ஸ்லோவாயிடுச்சு, சில சமயம் பூட்டே ஆகல.

பதில்: இந்த கேள்வியை இன்னும் ஒருத்தர் கேக்குறாரேன்னு சந்தோஷமா இருக்கு. மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு ஐடி, ஒரே கேபிள்ல ரெண்டு சாதனத்துக்கு ஒரே நம்பர் இருக்கக் கூடாது, 7 வழக்கமா கார்டுக்கு, டேப்போட பின்பக்க ஜம்பரை வெச்சு மிச்சத்துல ஒண்ணு குடுங்க. அடுத்து டெர்மினேட்டர், சிக்னல் முட்டி திரும்பாம கேபிள் முனையை அடைக்கிறது, அது கேபிளோட ரெண்டு கோடியில மட்டும்தான் இருக்கணும், நடுவுல இருக்குற டிரைவ்ல ஆன் ஆகியிருந்தா சிக்னல் அங்கயே முட்டி திரும்பும், பூட் ஆகாததுக்கு முக்கால்வாசி இதுதான் காரணம். ஸ்லோவுக்கு காரணம் வேற: டிஸ்க்குங்க எல்விடிங்கிற வேகமான மோட்ல ஓடும், டேப் பழைய சிங்கிள் எண்டட் டைப்பா இருந்தா அது ஒண்ணுக்காக மொத்த கேபிளும் பழைய வேகத்துக்கு இறங்கிடும். கார்டுல ரெண்டாவது சேனல் இருந்தா டேப்பை அதுல தனியா போடுங்க, இல்லைன்னா ரெண்டாவது கார்டு. அந்த சர்வரோட டேட்டாவை புது மெஷினுக்கு ஏத்துற வேலையையும் இப்பவே ஆரம்பிங்க, டெர்மினேட்டரைத் தேடி அலையுற வயசு உங்களுக்கு வேணாம்.

கேள்வி: டேப் டிரைவ் மாட்டி பேக்கப் ஓடுது, ஆனா டேப் முன்னயும் பின்னயும் போய்ட்டு போய்ட்டு வர்ற சத்தம். எல்டிஓ-8க்கு 360 எம்பி ஸ்பீடுன்னாங்க, எனக்கு 40கூட வரல. டிரைவை மாத்திக் கேக்கவா?

பதில்: கேக்காதீங்க, டிரைவ் பசியில இருக்கு. டேப் நிக்காம ஓடிக்கிட்டே எழுதுற சாதனம். சர்வர்லேருந்து டேட்டா வர லேட்டாச்சுன்னா டேப் நிக்கணும், ஓடுற டேப் நினைச்ச இடத்துல டக்குனு நிக்காது, கொஞ்சம் தாண்டிப் போய் நிக்கும், அப்புறம் பின்னாடி வந்து, மறுபடி வேகம் புடிச்சு, விட்ட இடத்துலேருந்து எழுதும். நீங்க கேக்குற சத்தம் அதுதான். டிரைவ் முடிஞ்ச வரைக்கும் வேகத்தை குறைச்சு சமாளிக்கும், அதுக்கும் ஒரு கீழ் எல்லை இருக்கு, அதுக்கும் கீழ டேட்டா வந்தா இந்த ஆட்டம்தான். வேகம் மட்டும் போகல, டேப்பும் ஹெட்டும் சேந்து தேயுது.

அப்போ எங்க அடைப்புன்னு பாருங்க. 1 கிகாபிட் நெட்வொர்க் வழியா வேற மெஷின்லேருந்து இழுக்குறீங்கன்னா அங்கயே செகண்டுக்கு 110 எம்பி சுமாருக்கு மேல வராது. லட்சக்கணக்குல குட்டி குட்டி ஃபைல் இருந்தா அதைவிட மோசம், ஹெட் ஒவ்வொண்ணா தேடிப் போகணும். சரியான வழி, முதல்ல பேக்கப்பை சர்வர்லயே ஒரு வேகமான டிஸ்க் செட்டுக்கு எடுத்து, பெரிய பெரிய ஃபைலா அங்க சேந்ததும் அதுலேருந்து டேப்புக்கு ஊத்துறது. அந்த டிஸ்க் செட்ல வேற எந்த வேலையும் அந்த நேரம் ஓடக் கூடாது. இதையும் செஞ்சுட்டு பிளாக் சைஸை (ஒரு தடவைக்கு எழுதுற அளவு) 256 கேபி, 512 கேபின்னு ஏத்தி பாருங்க, 64 கேபியிலயே விட்டிருந்தா நல்ல வித்தியாசம் தெரியும். முழு வேகத்துல ஓடுனாலும் 12 டிபி எல்டிஓ-8 டேப் நிறைய ஒம்பது மணி நேரத்துக்கு மேல ஆகும், அதை மனசுல வெச்சு ராத்திரி ஜாப்பை எத்தனை மணிக்கு ஆரம்பிக்கணும்னு முடிவு பண்ணுங்க.

கேள்வி: லினக்ஸ்ல திங்கக்கிழமை டார் கமாண்டுல டேப்புக்கு பேக்கப் எடுத்தேன், செவ்வாக்கிழமை அதே டேப்ல அடுத்தது எடுத்தேன். இப்போ திங்கக்கிழமையோடது காணோம் அண்ணா.

பதில்: எஸ்டி0ன்னு இருக்குற டிவைஸுக்கு எழுதியிருப்பீங்க தம்பி. அது வேலை முடிஞ்சதும் டேப்பை தானா முதலுக்கு சுத்திடும், அடுத்த பேக்கப் முதல்லேருந்து மேலயே விழும். என்எஸ்டி0ன்னு பக்கத்துலயே இன்னொண்ணு இருக்கு, டிரைவ் அதேதான், ஆனா சுத்தாம நின்ன இடத்துலயே நிக்கும். அதுல எழுதுங்க, எம்டி கமாண்டுல முதல்ல கடைசி வரைக்கும் போகச் சொல்லிட்டு. திங்கக்கிழமை டேட்டா வராது, எழுதி முடிச்ச இடத்துக்கு அப்புறம் இருக்குறதை டிரைவ் படிக்க விடாது.

கேள்வி: விண்டோஸ் சர்வர்ல டிவைஸ் மேனேஜர்ல டேப் வருது, விண்டோஸோட சொந்த பேக்கப்ல மட்டும் வரல.

பதில்: வராது. சர்வர் 2003 வரைக்கும் இருந்த பழைய பேக்கப் டூல் டேப்புக்கு எழுதும், 2008லேருந்து வந்தது எழுதாது. டேப் தெரிஞ்ச தனி பேக்கப் சாஃப்ட்வேர் வேணும். எல்டிஓ-5 இல்ல அதுக்கு மேலன்னா எல்டிஎஃப்எஸ் போட்டு டேப்பை ஒரு டிரைவ் லெட்டர் மாதிரி திறக்கலாம், ஃபைல் கொண்டு போக சரி, தினசரி பேக்கப்புக்கு எனக்கு அது புடிக்காது.

கேள்வி: எல்டிஓ-6 டேப் நூறு இருக்கு. புதுசா எல்டிஓ-8 டிரைவ் வாங்கினா படிக்குமா?

பதில்: படிக்காது, இதுல நிறைய பேர் மாட்டுறாங்க. எல்டிஓ-7 வரைக்கும் ரெண்டு தலைமுறை பின்னாடி படிக்கும், ஒரு தலைமுறை பின்னாடி எழுதும். 8ல அதை மாத்திட்டாங்க, 7ஐ மட்டும்தான் படிக்கும் எழுதும், 9ன்னா 8ஐ மட்டும். உங்களுக்கு 7 போதும், 6ஐ படிக்கும் எழுதும் ரெண்டும் செய்யும். 8தான் வேணும்னா பழைய டிரைவை தூக்கிப் போடாம ஹெச்பிஏ கார்டோட சேத்து பத்திரமா வைங்க. பெட்டி மேல போட்டிருக்குற பெரிய நம்பரையும் நம்பாதீங்க, எல்டிஓ-6ல 6.25 டிபின்னு போட்டிருக்கும், நெஜம் 2.5 தான், மிச்சம் கம்ப்ரஷன்ல கிடைக்கும்னு ஒரு ஆசை. வீடியோ, ஜிப், ஃபோட்டோன்னு ஏற்கனவே சுருக்கின டேட்டாவுல அந்த ஆசை நிறைவேறாது.

கேள்வி: எல்டிஓ-9ல புது டேப்பை போட்டா ஒரு மணி நேரமா எதுவும் நடக்கல. வாரா வாரம் கிளீனிங் டேப்பும் போட்டுக்கிட்டு இருக்கேனே?

பதில்: ரெண்டும் வேற வேற. எல்டிஓ-9ல புது டேப் முதல் தடவை உள்ள போனதும் டிரைவ் அதை அளந்து தன்னை சரி பண்ணிக்கும், சில சமயம் ரெண்டு மணி நேரம்கூட எடுக்கும், ஒரு டேப்புக்கு ஒரே தடவைதான். நடுவுல ஆஃப் பண்ணாதீங்க. கிளீனிங்கை நிறுத்துங்க, டிரைவே லைட் போட்டு கேக்கும்போது மட்டும் போட்டா போதும், அந்த டேப் ஹெட்டை உரசித்தான் சுத்தம் பண்ணுது.

கேள்வி: ரெய்டு 6 இருக்கு, வேற ஊர்ல இன்னொரு காப்பியும் தானா போகுது. இன்னும் டேப் எதுக்கு சார், கேபிளும் கார்டும்னு உயிரை வாங்குது.

பதில்: தானா போகுதுன்னு சொன்னீங்களே, அதுதான் காரணம். இங்க ஒரு ஃபைல் அழிஞ்சா அந்த அழிவும் தானா அங்க போகும். 2011 பிப்ரவரியில ஜிமெயில்ல ஒரு சாஃப்ட்வேர் கோளாறால 0.02 சதவீதம் பேரோட மெயில் காணாம போச்சு. கூகுள் ஒவ்வொரு மெயிலையும் பல டேட்டா சென்டர்ல வெச்சிருந்தும் அந்த கோளாறு எல்லா காப்பியையும் தொட்டுடுச்சு, கடைசியில டேப்லேருந்துதான் திருப்பி எடுத்தாங்க. டிரைவுக்கு வெளிய அலமாரியில இருக்குற டேப்பை வைரஸும் தொட முடியாது, தப்பா தட்டின கமாண்டும் தொட முடியாது. ஆனா அதுலேருந்து எப்பவாவது ஒரு ஃபோல்டரையாவது திருப்பி எடுத்து பாத்திருக்கீங்களா? இல்லைன்னா முதல்ல அதை செய்யுங்க. எடுத்ததை பழைய இடத்துல போடாம வேற டிஸ்க்ல போட்டு திறந்து பாருங்க.

கேள்வி: பழைய எல்டிஓ டேப்பை காந்தத்துல அழிக்கிற மெஷின்ல போட்டு சுத்தமாக்கினேன், இப்போ எந்த டிரைவும் எடுக்கல.

பதில்: இனிமே எடுக்காது. ஹெட் எந்த டிராக்ல போகணும்னு வழி காட்டுற சர்வோ கோடுங்களை தயாரிக்கும்போதே டேப்ல எழுதிடுவாங்க, அந்த மெஷின் அதையும் சேத்து அழிச்சிடுச்சு, டிரைவால அதை திரும்ப எழுத முடியாது. டேப்பை மறுபடி உபயோகிக்கணும்னா சும்மா மேலயே எழுதுங்க, ஒழிச்சுக் கட்டணும்னா மட்டும் அந்த மெஷின்.